பழைய கான்கிரீட் மின்கம்பங்களைப் பாதுகாப்பாக அகற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பம் மாற்றும் பணி நடக்கும் இடங்களில் வீட்டுக்காரர்களும், ஒப்பந்தக்காரர்களும், புதிதாக வேலைக்குச் சேர்ந்த உதவியாளர்களும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களையே மீண்டும் மீண்டும் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலான விபத்துகளுக்குப் பின்னால் ஒரே தவறுதான் இருக்கிறது: கம்பம் எதனால் நிற்கிறது என்று பார்க்காமலேயே அதிலிருந்து எதையாவது கழற்றிவிடுகிறோம். கீழேயுள்ள விடைகளில் பலவும் அந்த ஒரு கேள்விக்கே திரும்பி வரும்.

1. கம்பம் இன்னும் நேராகத்தானே நிற்கிறது, பிறகு ஏன் எடுக்க வேண்டும்?

நேராக நிற்பது வலிமைக்குச் சான்றாகாது. புதிய கான்கிரீட்டின் பி.எச். மதிப்பு 12-க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தன்மைதான் உள்ளே இருக்கும் எஃகுக் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உள்ளே ஊடுருவி அந்தக் காரத்தன்மையைக் குறைக்கிறது; கடலோரங்களில் உப்பும் சேர்ந்து அதே சேதத்தை விரைவாகச் செய்கிறது. துரு, தான் அரித்த எஃகைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் பிடிப்பதால், கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது.

ஆகவே குறுக்கே ஓடும் மயிரிழை விரிசலைவிட, கம்பத்தின் நீளவாக்கில், உள்கம்பி செல்லும் தடத்திலேயே ஓடும் விரிசல் அதிகக் கவலைக்குரியது. துருக்கறை வழிந்திருப்பது, கான்கிரீட் பெயர்ந்து கம்பி வெளியே தெரிவது, சுத்தியலால் மெல்லத் தட்டினால் கணீரென்று இல்லாமல் பொத்தலான ஓசை வருவது ஆகியவையும் அடையாளங்கள். மிகவும் பலவீனமான இடம் பெரும்பாலும் மண்மட்டத்தை ஒட்டிய பகுதிதான். அங்கேதான் ஈரமும் காற்றும் ஒருசேரக் கிடைக்கின்றன. கம்பத்தை வளைக்கும் விசையும் அங்கேதான் உச்சத்தில் இருக்கிறது. எனவே ஒரு சாண் மண்ணை விலக்கிப் பார்க்காமல் எந்தக் கம்பத்தையும் நல்ல கம்பம் என்று சொல்லிவிட வேண்டாம்.

2. என் நிலத்துக்குள் நிற்கும் கம்பம் அது. நானே ஆள் வைத்து எடுத்துவிடலாமா?

கூடாது. நிலம் உங்களுடையதாக இருந்தாலும், மின் பாதையைத் தாங்கும் கம்பம் மின் விநியோக நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளது. அதை அகற்றவோ இடம் மாற்றவோ எழுத்துமூலம் விண்ணப்பித்து அவர்கள் வழியாகவே செய்ய வேண்டும். கம்பிகள் எல்லாம் முன்பே கழற்றப்பட்டு வெறுமனே நிற்கும் கம்பமாக இருந்தாலும் இதுவே முறை. ஏனெனில் அதன் அடியில் புதைகேபிளோ எர்த் கம்பியோ இருக்கலாம். உங்கள் சொந்தச் செலவில் நட்ட தனியார் கம்பமாக இருந்தால்கூட, இணைப்பைத் துண்டித்ததற்கான உறுதிமொழி கையில் வந்த பிறகே அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும்.

3. நாலைந்து பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டால் இறக்கிவிட முடியாதா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 9 மீட்டர் நீளமும், சராசரியாக 15 செ.மீ.க்கு 25 செ.மீ. குறுக்களவும் கொண்ட திண்மையான கம்பத்தின் கன அளவு சுமார் 0.34 கனமீட்டர். கம்பியோடு கூடிய கான்கிரீட் ஒரு கனமீட்டர் ஏறத்தாழ 2,500 கிலோ எடையுள்ளது. ஆக, கம்பத்தின் எடை 840 கிலோ அளவில் வரும்.

எடையைவிட விழும் வேகம் இன்னும் அச்சமூட்டுவது. தரைக்கு மேல் 7.5 மீட்டர் உயரமுள்ள கம்பம் அடியில் முறிந்து சாய்ந்தால், அதன் உச்சி தரையைத் தொடும்போது மணிக்கு 50 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் வரும். கயிற்றைப் பிடித்திருக்கும் மனிதர்களால் அதைத் தடுக்க இயலாது. கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொண்டவர்களை அது இழுத்துச் சென்றுவிடும். கயிறுகள் கம்பத்தைத் திசை திருப்ப மட்டுமே. எடையைத் தாங்குவது எப்போதும் இயந்திரமாகவே இருக்க வேண்டும்.

4. மெயினை நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னார்கள். இனிக் கம்பத்தைத் தொடலாம்தானே?

‘நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னார்கள்’ என்பதை நம்பி யாரும் ஏறக்கூடாது. முறை இதுதான்: பொறுப்பான அலுவலரிடமிருந்து எழுத்துமூலமான லைன் கிளியர் (பாதையில் மின்சாரம் நிறுத்தப்பட்டது, வேலை செய்யலாம் என்ற அனுமதி) பெற வேண்டும்; இணைப்பைத் துண்டித்த இடத்தில் பூட்டும் எச்சரிக்கைப் பலகையும் போட வேண்டும்; பிறகு மின்னழுத்தச் சோதனைக் கருவியால் ஒவ்வொரு கம்பியையும், நியூட்ரலையும் சேர்த்து, சோதிக்க வேண்டும். கருவி வேலை செய்கிறதா என்பதைச் சோதனைக்கு முன்னும் பின்னும் மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஓர் இடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். அதன் பின் வேலை நடக்கும் இடத்தின் இரு பக்கங்களிலும் கம்பிகளை ஒன்றோடொன்று இணைத்து எர்த் செய்ய வேண்டும், அதாவது தரையோடு இணைக்க வேண்டும்.

இரு பக்கமும் எர்த் செய்வதற்குக் காரணம் இருக்கிறது. துணைமின் நிலையத்தில் நிறுத்தினாலும், எங்கோ ஒரு வீட்டின் ஜெனரேட்டரோ, தவறாக இணைக்கப்பட்ட சோலார் இன்வெர்ட்டரோ பின்வழியாக மின்சாரத்தை அனுப்பிவிடலாம். அது மின்மாற்றியின் தாழ்வழுத்தப் பக்கம் நுழைந்தால் மறுபக்கத்தில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக வெளிவரும். பக்கத்தில் இணையாகச் செல்லும் உயரழுத்தப் பாதையும், தொடாமலேயே, நிறுத்திய கம்பியில் மின்னழுத்தத்தைத் தூண்டும்.

பலரும் மறந்துவிடுவது தெருவிளக்குக் கம்பியை. அது தனிச் சுவிட்சிலோ டைமரிலோ இயங்குவதால், பகலில் சோதிக்கும்போது மின்சாரம் இல்லாமல் இருந்து, மாலையில் வேலை நீண்டுபோகும் நேரத்தில் தானாகவே உயிர்பெற்றுவிடும். அதையும் துண்டிக்க வேண்டிய பட்டியலில் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். தொலைக்காட்சி, இணையக் கேபிள்களைத் தாங்கும் எஃகுக் கம்பியும் வேறெங்காவது மின்கம்பியை உரசிக்கொண்டிருக்கலாம். அதையும் சோதித்தே தொட வேண்டும்.

5. கம்பத்தில் ஏறிக் கம்பிகளை அவிழ்த்துவிட்டு, பிறகு கிரேனைக் கூப்பிடலாமா? கிரேன் வாடகை மிச்சமாகுமே?

இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள். அடியில் அரித்துப்போன பழைய கம்பம் தன் அடிமானத்தால் நிற்காமல், இரு பக்கமும் இழுத்துப் பிடித்திருக்கும் மின்கம்பிகளால் நின்றுகொண்டிருக்கக்கூடும். ஒரு பக்கத்துக் கம்பிகளை அவிழ்த்த மறுகணம், மறுபக்க இழுவிசை முழுவதும் அந்தப் பலவீனமான அடிப்பகுதியின் மேல் இறங்குகிறது. கம்பம் முறிகிறது, பாதுகாப்பு பெல்ட்டால் அதனோடு கட்டப்பட்டிருக்கும் மனிதரும் அதனோடு விழுகிறார். உயரத்தில் அவரைக் காக்க வேண்டிய பெல்ட்டே அவரைத் தப்பவிடாமல் செய்கிறது.

ஆகவே, எடுப்பதற்கென்று குறிக்கப்பட்ட கம்பத்தில் ஏணி சாத்தவோ ஏறவோ கூடாது. கிரேன் முதலில் வர வேண்டும். ஸ்லிங் (சுமையைத் தூக்கக் கட்டும் வலுவான பட்டை அல்லது வடம்) கட்டிக் கம்பத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு, தனியாக நிற்கும் கூண்டு வண்டியிலிருந்து கம்பிகளைக் கழற்ற வேண்டும். வாடகையை மிச்சப்படுத்த நினைத்து இந்த வரிசையை மாற்றும் ஒப்பந்தக்காரரிடம், வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமை அங்கே நிற்கும் கடைசி உதவியாளருக்கும் உண்டு என்பதே என் உறுதியான கருத்து.

6. கம்பிகளை எந்த வரிசையில் கழற்றுவது?

இழுவிசை இரு பக்கமும் சமமாகக் குறைய வேண்டும் என்பதுதான் விதி. நேர்வரிசையில் நிற்கும் கம்பத்தில், கம்பிகளை இன்சுலேட்டரிலிருந்து விடுவித்துத் தற்காலிகத் தாங்கலில் நிறுத்தினாலே போதும். அவற்றை வெட்ட வேண்டியதில்லை. வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், அடுத்தடுத்த கம்பங்களைக் கவனியுங்கள். இதுவரை இரு பக்கமும் இழுக்கப்பட்டு நின்ற கம்பம், நீங்கள் ஒரு பக்கத்தை விடுவித்ததும் கடைசிக் கம்பம் போல ஒரே பக்க இழுவையைத் தாங்க வேண்டியிருக்கும். அதற்கு முன்கூட்டியே தற்காலிக ஸ்டே கம்பி (கம்பம் சாயாமல் தரையோடு இழுத்துக் கட்டும் கம்பி) கட்டாமல் விட்டால், ஒன்றன்பின் ஒன்றாகப் பல கம்பங்கள் சாயலாம்.

பழைய ஸ்டே கம்பியைக் கடைசியாகத்தான் கழற்ற வேண்டும். திருப்பத்தில் நிற்கும் கம்பத்துக்கும் பாதையின் முடிவில் நிற்கும் கம்பத்துக்கும் அதுதான் முதுகெலும்பு. கம்பிகளைத் திடீரென்று வெட்டி விடாமல், இழுவைக் கருவியால் பிடித்து மெல்லத் தளர்த்துவதும் அவசியம்.

7. கிரேன்தான் இருக்கிறதே, நேராக மேலே பிடுங்கிவிட்டால் என்ன?

கம்பத்தின் நீளத்தில் ஆறில் ஒரு பங்கைப் புதைப்பது பரவலான வழக்கம். 9 மீட்டர் கம்பம் என்றால் 1.5 மீட்டர் மண்ணுக்குள் இருக்கும். அடியில் கான்கிரீட் கொட்டியிருந்தால் அந்தக் கட்டியும் கூடவே வரும். ஈரக் களிமண்ணின் உறிஞ்சலும் பக்கவாட்டு உராய்வும் சேர்ந்து எவ்வளவு விசையோடு எதிர்க்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. கம்பத்தின் எடைக்கு மட்டும் கணக்கிட்டு நிறுத்திய கிரேன் இதனால் கவிழலாம். அல்லது பிடி திடீரென்று விட்டுவிட, கம்பம் மேலே துள்ளிக் கிரேனின் கையையே முறிக்கலாம்.

ஸ்லிங்கால் பிடித்துக்கொண்ட நிலையில், கம்பத்தைச் சுற்றி மண்ணைத் தோண்டித் தளர்த்துவதே சரியான வழி. அதற்கு முன் புதைகேபிள், தண்ணீர்க் குழாய், எரிவாயுக் குழாய் ஆகியவற்றின் வரைபடம் பார்த்துக் கருவியாலும் சோதித்து, முதல் இரண்டடியைக் கையால் தோண்ட வேண்டும். பிறகு, கம்பத்தைக் கவ்வி நிலத்தை ஊன்றி மேலே தள்ளும் ஹைட்ராலிக் ஜாக்கால் அசைத்துக்கொடுத்தால், கிரேனின் மேல் கம்பத்தின் எடை மட்டுமே விழும்.

8. ஸ்லிங்கை எந்த உயரத்தில் கட்ட வேண்டும்?

எடைமையத்துக்கு மேலே. அடி பருத்து நுனி சிறுத்திருக்கும் கம்பத்தில் எடைமையம் நடுவில் இராது; சற்றுக் கீழே இருக்கும். அடியின் அகலம் நுனியைப்போல் இரண்டு மடங்காக இருக்கும் 9 மீட்டர் கம்பத்தில் அது அடியிலிருந்து 4 மீட்டரில், அதாவது மண்மட்டத்திலிருந்து சுமார் 2.5 மீட்டர் உயரத்தில் அமையும். இதற்குக் கீழே கட்டினால், மண்ணை விட்டு வெளிவந்ததும் கம்பம் தலைகீழாகப் புரளும். மிகவும் மேலே கட்டினால், கிரேனின் கை கூடுதலாக நீள வேண்டியிருக்கும். எடைமையத்துக்கு ஒரு மீட்டர் அளவு மேலே கட்டுவது நல்லது. குறுக்குக் கையும் இன்சுலேட்டரும் நுனியில் இருக்கும்போது எடைமையம் கொஞ்சம் உயரும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்லிங்கைச் சுருக்குப் போட்டுக் கட்டும்போது அதன் தாங்குதிறன், நேராகத் தொங்கவிடும் திறனில் முக்கால் பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். கம்பத்தின் கூர்விளிம்பு ஸ்லிங்கை அறுக்காதபடி இடையில் பட்டை வைக்க வேண்டும். கம்பம் சுழலாமல் இருக்க இரு திசைகளில் கயிறு கட்டி, அந்தக் கயிறுகளைப் பிடிப்பவர்கள் கம்பத்தின் நீளத்துக்கும் வெளியே நிற்க வேண்டும். தொங்கும் கம்பத்தின் கீழே யாரும் நடமாடக்கூடாது. கம்ப உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு ஆரத்துக்குள் வேலைக்குத் தேவையற்ற எவரும் இருக்கக்கூடாது.

9. தோண்டுவதற்குப் பதிலாக, அடியில் ரம்பத்தால் அறுத்துவிட்டால் சீக்கிரம் முடியுமே?

சில இடங்களில் அறுப்பதுதான் சரி. உதாரணமாக, அடியில் தோண்டவே முடியாத அளவுக்குக் குழாய்கள் நெருக்கமாக ஓடும் இடத்தில். ஆனால் அறுக்கத் தொடங்குமுன் கிரேன் கம்பத்தைப் பிடித்திருக்க வேண்டும். அந்த இழுவை கம்பத்தின் எடையைவிட அதிகமாக இருந்தால், கடைசி உள்கம்பி அறுபட்டதும் கம்பம் மேலே துள்ளும். மிகவும் குறைவாக இருந்தால், அறுத்த வாயில் பிளேடு நசுங்கி மாட்டிக்கொள்ளும். சுமைகாட்டும் கருவியில் கம்பத்தின் எடையை ஒட்டிய அளவைப் பார்த்து நிறுத்துவதே இதற்கு வழி.

கம்பம் முன்னழுத்தக் கான்கிரீட்டால் (உள்கம்பிகளை முன்கூட்டியே இழுத்து விறைப்பாக்கி வார்த்த கான்கிரீட்) ஆனதா என்பதையும் முதலில் அறிந்துகொள்ளுங்கள். அப்படியானால் உள்ளே உள்ள 5 மி.மீ. கம்பி ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு டன் இழுவிசையோடு விறைத்துக்கொண்டிருக்கும். நல்ல கான்கிரீட் அந்தக் கம்பியைத் தன் முழு நீளத்திலும் கவ்விப் பிடித்திருப்பதால், அறுத்தாலும் அது வெளியே பாய்வதில்லை. கான்கிரீட் நொறுங்கி, துருவால் பிடி விட்டுப்போன இடத்தில்தான் அறுபட்ட கம்பி சாட்டையாகச் சுண்டும். ஆகவே விரிசல் விழுந்த பகுதியில் வெட்டாமல் உறுதியான பகுதியில் வெட்டுங்கள். வெட்டுபவர் பக்கவாட்டில் நிற்கட்டும். சாதாரண இரும்புக் கம்பி முறியுமுன் வளைந்து எச்சரிக்கும். முன்னழுத்தக் கம்பத்திலுள்ள உயர்வலிமைக் கம்பி துருப்பிடித்தால் அப்படி எச்சரிப்பதில்லை.

10. டிராக்டரிலோ ஜேசிபியிலோ கயிறு கட்டி இழுத்துச் சாய்த்துவிடுவது சுலபம் இல்லையா?

சுலபமாகத் தோன்றும். ஆனால் பக்கவாட்டில் இழுக்கும்போது கம்பம் வேரோடு பிடுங்கிக்கொண்டு வருவதில்லை. முதல் கேள்வியில் சொன்ன அந்த மண்மட்டப் பகுதியில் முறிகிறது. எந்தத் திசையில் முறியும் என்பதை உள்ளே இருக்கும் துருதான் தீர்மானிக்கும், இழுப்பவர் அல்ல. கயிறு அறுந்தால் அது திரும்பி வந்து ஓட்டுநரைத் தாக்கும். இந்த முறையை எந்தச் சூழ்நிலையிலும் நான் ஏற்கமாட்டேன்.

11. அறுக்கும்போது வரும் தூசி வெறும் சிமெண்டுத் தூசிதானே?

அல்ல. மணலிலும் ஜல்லியிலும் உள்ள படிகச் சிலிக்கா, கண்ணுக்குத் தெரியாத நுண்தூசியாக நுரையீரலின் அடிவரை சென்று தங்கி, சிலிக்கோசிஸ் எனும் ஆறாத நோயைத் தருகிறது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இலேயே இதைப் புற்றுநோய்க் காரணி என்று வகைப்படுத்தியது. அமெரிக்க விதிகள் எட்டு மணி நேர வேலைக்கு அனுமதிக்கும் அளவு ஒரு கனமீட்டர் காற்றில் 0.05 மில்லிகிராம் மட்டுமே. பிளேடின் மேல் தொடர்ந்து தண்ணீர் விழும்படி செய்து அறுப்பதும், முகத்தில் நன்றாகப் பொருந்தும் என்-95 அல்லது அதனினும் மேம்பட்ட கவசம் அணிவதும் கட்டாயம். துணியை முகத்தில் கட்டிக்கொள்வது இந்தத் தூசியைத் தடுக்காது.

12. கிரேன் நுழைய முடியாத சந்தில் நிற்கும் கம்பத்தை என்ன செய்வது?

முக்காலி நிறுத்தி, செயின் பிளாக் (கையால் சங்கிலியை இழுத்துச் சுமை தூக்கும் கருவி) கட்டி, ஜாக்கால் சிறிது சிறிதாக எழுப்பி இறக்குவது நடைமுறையில் உள்ள வழி. முக்காலியின் தாங்குதிறன் மூன்றாம் கேள்வியில் போட்ட எடைக் கணக்கோடு பொருந்த வேண்டும்; அதன் உச்சி, எட்டாம் கேள்வியில் சொன்ன எடைமையத்துக்கு மேலேயுள்ள கட்டுமிடத்தையும் தாண்டி உயர்ந்திருக்க வேண்டும். கால்கள் வழுக்கி விரியாதபடி அவற்றைச் சங்கிலியால் இணைத்து, உறுதியான பலகைகளின் மேல் நிறுத்த வேண்டும். கம்பி கழற்றுபவர் கம்பத்தில் ஏறாமல் தனிச் சாரத்தில் நிற்பதும், சாரத்துக்கு இடமில்லை என்றால் கம்பத்துக்கு நான்கு திசைகளிலும் தற்காலிக ஸ்டே கட்டும் வரை கம்பிகளைத் தொடாமல் இருப்பதும் இங்கே இன்னும் முக்கியம். இந்த வேலை அரைநாளில் முடிகிற வேலை அன்று; அவசரப்படுத்துபவர்களைச் சந்துக்கு வெளியே அனுப்பிவிடுங்கள்.

13. வண்டி மோதிச் சாய்ந்த கம்பம் கம்பிகளில் தொங்குகிறது. உடனே ஏதாவது செய்ய வேண்டாமா?

செய்ய வேண்டியது, மின் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு மக்களை விலக்கி நிறுத்துவதுதான். ஐந்தாம் கேள்வியில் சொன்ன நிலையின் உச்சம் இது: கம்பிகள் மட்டுமே கம்பத்தைத் தாங்குகின்றன. முட்டுக் கொடுக்கவோ வண்டியைப் பின்னால் எடுக்கவோ முயலக்கூடாது. வண்டியே கம்பத்துக்கு முட்டாக இருந்துகொண்டிருக்கலாம். அது மின்சாரம் ஏறிய வண்டியாகவும் இருக்கலாம். அறுந்த கம்பி தரையில் கிடந்தால், குறைந்தது 10 மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும்.

14. பக்கத்துப் பாதையில் மின்சாரத்தை நிறுத்த முடியாது என்கிறார்கள். கிரேனின் கை தவறிப்போய் அதில் பட்டுவிட்டால்?

முதலில், படாதபடி செய்ய வேண்டும். அமெரிக்கப் பணியிட விதிகள் 50 கிலோவோல்ட் வரையுள்ள பாதைக்குச் சுமார் 3 மீட்டர் இடைவெளி கேட்கின்றன. கிரேனின் கைக்கு மட்டுமன்றித் தொங்கி ஆடும் கம்பத்தின் நுனிக்கும் இது பொருந்தும். இடைவெளியை மட்டுமே கவனிக்கும் ஒருவரைத் தனியாக நிறுத்துங்கள். ஓட்டுநரால் கீழிருந்து அந்தத் தூரத்தைச் சரியாக மதிப்பிட முடியாது.

பட்டுவிட்டால், ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்கக்கூடாது. கையை விலக்க முடிந்தால் விலக்கிவிட்டு, மின்சாரம் நிறுத்தப்பட்டது உறுதியாகும் வரை உள்ளேயே இருக்க வேண்டும். தீப்பிடித்தால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாதபடி இரு கால்களையும் சேர்த்துக் குதித்து, பாதங்களை ஒன்றோடொன்று ஒட்டியபடியே சிறிது சிறிதாக நகர்த்தி விலக வேண்டும். கால்களை அகல வைத்து ஓடினால், இரு பாதங்களுக்கும் இடையே தரையில் நிலவும் மின்னழுத்த வேறுபாடு உடல் வழியே பாயும். கீழே நிற்பவர்கள் உதவிக்கு ஓடி வருவதும் இதே காரணத்தால் ஆபத்தானது.

15. மின்மாற்றி இருக்கும் கம்பத்துக்குத் தனி முறை உண்டா?

மின்மாற்றியை முதலில் தனியாக இறக்க வேண்டும். அதோடு சேர்த்துக் கம்பத்தைத் தூக்கக்கூடாது. மிகப் பழைய மின்மாற்றியின் எண்ணெயில் பி.சி.பி. எனும் நச்சு வேதிப்பொருள் கலந்திருக்கலாம். 2004-இல் நடைமுறைக்கு வந்த ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை இதை ஒழிக்க வேண்டிய பொருட்களில் ஒன்றாகப் பட்டியலிட்டுள்ளது. எண்ணெயைச் சோதிக்காமல் தரையில் சிந்தவிடவோ, வேறு வேலைக்கு எடுத்துச் செல்லவோ கூடாது.

16. கம்பத்தை எடுத்த குழியை எப்படி மூடுவது?

உடனடியாக மூட வேண்டும்; ஒரு இரவுகூடத் திறந்து விடக்கூடாது. 15 முதல் 20 செ.மீ. அடுக்குகளாக மண்ணைக் கொட்டி, ஒவ்வோர் அடுக்கையும் திமிசுக்கட்டையால் இடித்து நிரப்புங்கள். ஒன்பதாம் கேள்வியின்படி அடியில் அறுத்திருந்தால், துண்டு நிலத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிராதபடி மட்டத்துக்குக் கீழேயே வெட்டி, கம்பி முனைகளை மூட வேண்டும்.

17. எடுத்த கம்பம் நன்றாகத்தான் இருக்கிறது. வாய்க்காலுக்குக் குறுக்கே பாலமாகப் போட்டுக்கொள்ளலாமா?

நன்றாக இருக்கிறது என்று எப்படித் தெரியும் என்பதே என் முதல் பதில். கம்பம் என்பது நுனியில் காற்றும் கம்பியும் இழுக்கும் விசைக்காக வடிவமைக்கப்பட்டது. இரு முனைகளில் தாங்கி நடுவில் மனிதர்களோ வண்டியோ செல்லும் சுமைக்காக அன்று. அதிலும் பிடுங்கும்போதும் கிடத்தும்போதும் உண்டான விரிசல் வெளியே தெரியாமல் இருக்கும். முன்னழுத்தக் கம்பமாக இருந்தால், ஒன்பதாம் கேள்வியில் சொன்னபடி, அது எச்சரிக்கை இல்லாமலே முறியும். பழைய கம்பங்களை நொறுக்கி, எஃகைப் பிரித்துப் பழைய இரும்புக்கும், கான்கிரீட்டைச் சாலையின் அடித்தள ஜல்லிக்கும் அனுப்புவதே முறை.

அதுவரை அவற்றைக் கிடத்தி வைக்கும்போது இரு முனைகளிலிருந்தும் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு உள்ளே தள்ளித் தாங்குகட்டைகள் கொடுங்கள். உருளாதபடி இரு பக்கமும் ஆப்பு அடித்துவிடுங்கள். அடுக்கிய கம்பங்களின் மேல் குழந்தைகள் ஏறி விளையாடாதபடி அந்த இடத்தை வேலியிட்டு மறைத்து வையுங்கள்.